பாய்க்கு நான் வாங்கிக்கொடுத்த டிக்கெட்

முப்பத்திரண்டு வயதில் எனக்கு ஊரைத் திருத்தும் வியாதி இருந்தது. ரயில் தாமதமானால் புகார்ப் புத்தகம் கேட்பேன். தெருவிளக்கு எரியாவிட்டால் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவேன். எழுதியவற்றில் நாலைந்து அச்சிலும் வந்தன. விளக்கு எரிந்ததாக மட்டும் நினைவில்லை. இந்த வியாதியோடுதான் அறுபதுகளின் நடுவில் ஒரு தடவை அந்தமானுக்குக் கப்பல் ஏறினேன்.

வேலையாகப் போகவில்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று எல்லோரும் போகிற இடத்துக்குப் போகாமல் கடலில் போய்வருவோம் என்று நானும் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரரும் முடிவு செய்தோம். சென்னையில் ஏறினால் நாலு நாள் கடல். போர்ட் பிளேரில் சரக்கு இறக்கி ஏற்ற நாலு நாள் கப்பல் நிற்கும். அதே கப்பலில் திரும்பிவிடலாம். போகவர டிக்கெட் இருவரிடமும் இருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் துறைமுகச் சுவரைத் தாண்டியதும் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். போர்ட் பிளேர் வரும்வரை நிறுத்தவில்லை. மரம் அறுக்கும் ரம்ப மில்லும் கப்பல் அணையும் ஜெட்டியும் இருக்கிற சாத்தம் தீவில் கால் வைத்த உடனே, இந்த ஜென்மத்தில் இனி கப்பல் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்தார். விமானத்தில் கல்கத்தா போய் அங்கிருந்து ரயிலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விருந்தினர் விடுதியில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஊரைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அபர்தீன் பஜாரில் மளிகையும் ஜவுளியுமாகக் கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு என்னிடம் அறிமுகக் கடிதம் இருந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கடிதத்தைப் படித்தார், டீ வரவழைத்தார், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாருக்கு ஊரைக் காட்டுங்க. ஜெட்டியிலேருந்து சரக்கு வந்து சேர எப்படியும் ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் இங்க என்ன வேலை?"

இப்படித்தான் பாய் எனக்கு வழிகாட்டியானார். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மடித்துக் கட்டிய கைலி. அவரும் முதலாளியின் ஊர்தான். என்னை சார் என்றார். நான் அவரைப் பாய் என்றேன். அதற்குமேல் பெயர் தேவைப்படவில்லை.

போர்ட் பிளேரில் தட்டையான இடம் என்பது உட்கார்ந்தால்தான் கிடைக்கும். எந்தத் தெருவும் ஒன்று மேலே போகிறது, இல்லை கீழே இறங்குகிறது. ஏற்றத்துக்கு ஹிந்தியில் சடாய் என்பார்கள்; பாய் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை அதுதான். "சலோ சார், இன்னும் ஒரே ஒரு சடாய்" என்பார். மூச்சு வாங்க ஏறி முடித்தால் எதிரே இன்னொன்று நிற்கும். "இது அந்தக் கணக்குல வராது சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடப்பார். சென்னையில் மாடிப்படிக்கு மேல் எதையும் ஏறியறியாத என் கால்கள் முதல் நாள் மதியமே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

வழிகாட்டி என்ற முறையில் அவருக்குச் சொந்தக் கொள்கைகள் இருந்தன. பார்க்க வேண்டிய இடங்களை அவர் மதிக்கவில்லை. போலீஸ் ஜீப் ஒன்று மழைக்காலத்தில் பின்பக்கமாகவே வழுக்கி வந்து ஒரு பெங்காலி மிட்டாய்க் கடை வாசலில் நின்ற சரிவைக் காட்டினார். எல்லாக் குழாயிலும் தண்ணீர் நின்ற பிறகும் அரைமணி நேரம் வருகிற ஒரு குழாயைக் காட்டினார். எல்லோரும் பார்க்கத் துடிக்கிற பெரிய ஜெயிலின் முன்னால் மட்டும், பஸ் நிறுத்தத்தைக் காட்டுகிற மாதிரி கையை நீட்டினார்.

"இதான் சார் ஜெயிலு. அந்தக் காலத்துல மெயின்லேண்ட்லேருந்து வர்றவங்களுக்கு டிக்கெட் பிரச்சனையே கெடையாது. சர்க்காரே பந்தோபஸ்த்து பண்ணிக் கூட்டியாந்துரும். திரும்பிப் போறதுக்குத்தான் டிக்கெட் கெடைக்காது."

சிரித்தேன். டிக்கெட் கிடைக்காது என்ற வார்த்தையை அந்த ஊரில் நான் கேட்பது அது முதல் தடவை. மாலைக்குள் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல முடியாது.

பாய்க்கு ஊர் முழுக்கப் பழக்கம். ஒவ்வொரு சடாயின் பாதியிலும் யாராவது ஒரு தமிழர் எதிரே வருவார். என்னை அறிமுகம் செய்துவைப்பார்: "சார் இதே கப்பல்ல திரும்பிப் போறாரு." உடனே அவர்கள் முகம் மலரும். அது என்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. மெயின்லேண்ட் போகிறவர் கையில் கடிதத்தைக் கொடுத்தனுப்பி அங்கே தபால் பெட்டியில் போடச் சொல்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அப்போதுதான் சீக்கிரம் போய்ச் சேருமாம். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் என் பையில் இருபது கடிதத்துக்குமேல் சேர்ந்துவிட்டது. ஊரைச் சுற்றிப் பார்க்கிறேனா, தபால்காரர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கடிதத்தோடு எல்லோரும் ஒரு செய்தியும் கொடுத்தார்கள். திருநெல்வேலிக்காரரான ஒரு பொதுப்பணித்துறை ஓவர்சியர், தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லையாம். "டிக்கெட் கெடைக்கலை சார்." ஹாடோ ஏற்றத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகவில்லை. "டிக்கெட் எங்கே கெடைக்குது?" வடக்கே மாயாபந்தரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கான்ட்ராக்டர், சொந்த அண்ணனோடு பாகப்பிரிவினைக்கே போகவில்லை. அவருக்கும் டிக்கெட்தான் காரணம். ஒவ்வொரு தடவையும் பாய் நாக்கைத் தட்டி, "ஆமாமா, டிக்கெட் கெடைக்க மாட்டேங்குதே" என்பார். அதோடு பேச்சு முடியும். எந்த மாதம் கேட்டீர்கள், எந்தக் கப்பலுக்குக் கேட்டீர்கள் என்று யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. எவ்வளவு பெரிய அநியாயம்! சுதந்திரம் வந்த பிறகும் மனிதர்கள் இப்படித் தீவில் அடைபட்டுக் கிடப்பதா? ஆசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வாக்கியத்தை அந்த ஏற்றத்திலேயே மனதில் எழுதிப் பார்த்தேன். நல்ல வாக்கியம். இப்போதுகூட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கீழே சாத்தம் ஜெட்டியில் எங்கள் கப்பலும், அதற்கு அப்பால் ரம்ப மில்லுக்கு வந்த மரங்கள் தண்ணீரில் மிதப்பதும் தெரிந்தன. பாய் கைலியைச் சரிசெய்துகொண்டு கப்பலையே பார்த்தார்.

"நீங்கள் ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு பாய்?"

"வந்ததோட சரி சார். பதினோரு வருஷமாச்சு."

அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர் கப்பல் ஏறும்போது குழந்தைக்கு நாலு மாதம். பள்ளிக்கூடம் போய் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றார். இரண்டு வருஷமாகக் கடிதங்களை அவள்தான் எழுதுகிறாளாம். "டிக்கெட் மட்டும் கெடைச்சா நாளைக்கே போயிருவேன் சார்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "இதையும் அங்கே பெட்டியில போட்டுருங்க." வாங்கிக்கொண்டேன். மேலே மனைவியின் பெயரும் விலாசமும், பின்னால் அவர் பெயரும் அழகான எழுத்தில் இருந்தன.

அன்று விடுதியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு டிக்கெட் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. ஊர் முழுக்க எதற்காக ஏங்குகிறதோ அதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் கல்கத்தாவுக்கு விமானம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அது வேலை செய்தால் யாருக்காவது கஷ்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாயிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஆபீஸுக்கு நானே தனியாக இரண்டு சடாய் ஏறினேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தமிழ் குமாஸ்தா இருந்தார். நண்பரின் டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்ற முடியாது என்றார். விதிகள் எனக்கும் தெரியும் என்றேன். நண்பரிடம் ரத்துக் கடிதம் வாங்கி வந்தேன், இறங்கி ஏறி மறுபடியும் வந்தேன், மனிதாபிமானம் என்ற சொல்லை ஆறேழு தடவை உபயோகித்தேன். ஒரு வழியாக இணங்கி, யார் பெயருக்கு என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவருக்கா? அவரு கேட்டாரா சார்?"

"கேட்கமாட்டார். கூச்ச சுபாவம்."

"ரஷ் மாசத்துல டிக்கெட் கஷ்டம்தான். மத்த மாசத்துல எப்படியாவது படுத்துட்டுப் போக ஒரு பங்க் கெடைச்சிரும். இங்க ஆறு வருஷமா உக்காந்திருக்கேன், அவரு இந்த ஜன்னல் பக்கம் வந்ததே இல்லையே."

"அதுதான் நான் வந்திருக்கிறேன்" என்றேன் பெருமையாக. மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே தந்தி ஆபீஸுக்கு ஏறினேன். கவரின் மேலிருந்த விலாசத்தைப் பார்த்து, 'உங்கள் கணவர் இந்தக் கப்பலில் வருகிறார், சென்னைத் துறைமுகத்தில் சந்திக்கவும்' என்று தந்தி கொடுத்தேன். வெளியே வந்தபோது கால்வலியே தெரியவில்லை.

டிக்கெட்டைக் கடையில் வைத்துக் கொடுத்தேன். நாலு பேர் பார்க்க வேண்டுமே. அரிசி வாங்க வந்த இருவர், முதலாளி, பாய். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாய் டிக்கெட்டை வாங்கிப் பெயரைப் படித்தார். சிரித்தார் என்று சொல்லலாம்; உதடு மட்டும் அந்த வேலையைச் செய்தது.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா நாளைக்கு சரக்கு எறங்குது. முதலாளி தனியாளு. அடுத்த கப்பலுக்குப் பாப்போமே."

"அடுத்த கப்பலா? அதெல்லாம் முடியாது. உங்கள் வீட்டுக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகத் துணிமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். அப்படி யாரும் என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதில் கோபம்கூட இல்லை. பிறகு கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

முதலாளி என்னை வெளியே அழைத்துவந்தார். பஜார் சரிவில் கொஞ்ச தூரம் சும்மா நடந்தார். நன்றி சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்து, "இதெல்லாம் என்ன பெரிய காரியம்" என்ற பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சார் கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "இந்த ஊர்ல ஒருத்தன் டிக்கெட் கெடைக்கலைன்னு சொன்னா, நாங்க ஏன்னு கேக்கறதில்ல. ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே வந்திருப்பீங்க. அதுல பாதி நெஜம். மீதியில ஆளுக்கொரு சங்கதி இருக்கும். ஒருத்தனுக்கு அண்ணன் முகத்துல முழிக்கப் புடிக்கலை. ஒருத்தனுக்குப் போட்டுட்டுப் போக நல்ல சட்டை இல்லை. எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான். எனக்கும் அது ஒதவியிருக்கு. யாரும் யாருக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்துர மாட்டோம் சார். அவ்வளவுதான் இங்க உள்ள மரியாதை."

எனக்குக் காது சூடானது. வெட்கமாக இருந்தது என்று எழுத வேண்டும். உண்மையில் முதலில் கோபம்தான் வந்தது. சொன்ன வார்த்தையை நம்பியது என் தப்பா? ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டிக்காத்தால், வெளியூர்க்காரனுக்கு ஒரு பலகையாவது மாட்டி வைக்க வேண்டாமா? வெட்கம் வர ராத்திரி ஆயிற்று.

அதற்குள் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பாய்க்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, வீட்டுக்குத் தந்தியும் போயாகிவிட்டது. கப்பல் புறப்படும் நாள் காலையில் ஓவர்சியரும் வாத்தியாரும் சாத்தம் ஜெட்டிக்கு வந்திருந்தார்கள். பாய்க்குக் கை கொடுத்தார்கள். என்னைப் பார்த்ததும் ரம்ப மில் பக்கம் பார்த்தார்கள். புதுக் கைலியும் தகரப் பெட்டியுமாகப் பாய் பலகைப்படி ஏறினார். அந்த ஊரில் அவர் ஏறியதிலேயே கஷ்டமான சடாய் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் கீழ் பங்க்கில் அவர், மேல் பங்க்கில் நான். நான் மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமினால் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் காலை நானே மேலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே அவர்தான் ஆரம்பித்தார்.

"முதல் நாலு வருஷம் நெஜமாவே கெடைக்கலை சார்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அஞ்சாவது வருஷம் முதலாளி வாங்கிக் குடுத்தாரு. பெட்டியெல்லாம் கட்டிட்டேன். ஜெட்டிக்குக் கெளம்பறப்ப திடீர்னு ஒரு பயம். புள்ள என்னைப் பாத்து அழுதுட்டா? இது யாருங்கற மாதிரி பாத்துட்டா? சரி, அடுத்த கப்பல்ல போவோம்னு விட்டுட்டேன். வேற ஒண்ணுமில்லை சார். குடி இல்லை, இன்னொரு குடும்பம் இல்லை. அடுத்த கப்பல் வந்துச்சு. இப்பப் போனா, முந்துன கப்பல்ல ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றது? அதையும் விட்டேன். அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் அந்தக் கேள்வி பெருசாயிக்கிட்டே போச்சு. போகாம இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்லை சார். காரணம் இருந்தா அதைச் சொல்லிட்டு எப்பவோ போயிருப்பேன்."

இது புகார்ப் புத்தகத்தில் எழுதக்கூடிய விஷயமாக இல்லை. அவருக்காக மனம் வலித்தது. அவரை இங்கே இழுத்து வந்தது நான்தான் என்பது அதைவிட வலித்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும், அப்போது என்னை வாழ்த்துவார்கள் என்ற நப்பாசை உயிரோடு இருந்தது. அந்த வியாதி அவ்வளவு லேசில் தீராது.

நாலாம் நாள் மத்தியானம் சென்னை வந்தது. தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த பாய், திடீரென்று என் கையைப் பிடித்தார். "அந்தா, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கிட்டு. பக்கத்துல கொடை வச்சிருக்கறது மச்சான்." இருவருக்கும் நடுவில், தலையில் முக்காடிட்ட ஒரு சிறு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க முன்னால போய்ச் சொல்லுங்க சார். நான் பெட்டியை எடுத்துட்டு வந்துர்றேன்."

இறங்கிப் போனேன். தங்களை நோக்கி வருகிறவனைப் பார்த்ததும் அந்தப் பெண் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய், இல்லை என்று தலையசைத்தாள். அந்தச் சின்ன முகத்தில் வந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வந்திருக்கிறார். பெட்டியோடு வந்துகொண்டிருக்கிறார்" என்றேன்.

"தந்தி குடுத்த சார் நீங்கதானா?" என்று தாய் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் முகம் தானாகவே புன்னகைக்குத் தயாரானது. "பாவம், பதினோரு வருஷமாக அவருக்கு டிக்கெட்..."

"டிக்கெட் கெடைக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?" குரலை உயர்த்தவில்லை, மகளுக்குக் கேட்கக் கூடாது என்று இரண்டடி தள்ளி வந்து பேசினாள். "எங்க தெருவுலேருந்தே ரெண்டு பேரு அந்தமானுக்குப் போக வர இருக்காக. நான் ஒரு தடவைகூட அவுகளை ஏன்னு கேட்டு எழுதினதில்லை. கேட்டா பதில் சொல்லணுமே. என்னைக்காவது மனசு வந்து அவுகளா வந்து வாசல்ல நிப்பாக, அன்னைக்கு ஒண்ணுமே கேக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

கூட்டத்தில் தகரப் பெட்டி தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இப்ப வந்துட்டாக. ஆனா அவுகளா வந்தாகளா, நீங்க கூட்டியாந்தீகளான்னு நான் இனிமே யாருகிட்ட சார் கேக்கறது?"

பாய் கம்பிக்கு அருகில் வந்துவிட்டார். நான் அவருக்கு வழிவிட்டு விலகினேன்.